கறுப்பு வண்டி, டேங்கர் தண்ணீர்: காரைத் துடைக்க என்ன வாங்கலாம்?

நீங்கள் கேட்டிருப்பது இது. பெங்களூரு சர்ஜாபூர் ரோடு பக்கம் ஒரு அபார்ட்மென்டில் இருக்கிறீர்கள். கறுப்பு நிற வண்டி எடுத்து எட்டு மாதம் ஆகிறது. பானெட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்திருக்கிறது, வெயிலில் நிறுத்தினால் சிலந்தி வலை மாதிரி மெல்லிய கீறல் தெரிகிறது, பின்சீட்டில் குழந்தை பால் கொட்டியதில் இருந்து வாடை போகவில்லை. பதினான்கு பாட்டில் உள்ள ஒரு கிட்டை ஐயாயிரம் ரூபாய்க்குப் பார்த்து வைத்திருக்கிறீர்கள். அதை வாங்கலாமா, எந்த பிராண்ட் நல்லது என்பது கேள்வி. ஒரு பிராண்ட் பெயரைச் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் நீங்கள் சொன்ன கீறல் துணியால் வந்தது, புள்ளி தண்ணீரால் வந்தது. அந்த இரண்டையும் மாற்றாமல் பதினான்கு பாட்டிலையும் தீர்த்தாலும் அடுத்த எட்டு மாதத்தில் இதே கேள்வியோடுதான் நிற்பீர்கள். அதனால் எந்த பிராண்ட் என்பதைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிட்டு, வண்டியை எதால் தொடலாம் என்பதில் இருந்து தொடங்குகிறேன்.

நான் மைசூர் ரோடு பக்கம் ஒரு ஒர்க்‌ஷாப்பில் டிங்கரிங், பெயின்டிங் வேலைக்குச் சேர்ந்தவன். ஏழு வருடம் பெயின்ட் பூத்தில் இருந்தேன். பிறகு பதினொரு வருடமாக அல்சூரில் சொந்தமாக ஒரு சின்ன டீடெய்லிங் கடை, அதாவது வண்டியை நுணுக்கமாகச் சுத்தம் செய்து பாலிஷ் போடும் கடை, நடத்துகிறேன். பெயின்ட் என்று நாம் சொல்வது ஒரே பூச்சு அல்ல. தகட்டின் மேல் துருவைத் தடுக்கும் அடுக்கு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். கம்பெனியில் இருந்து வரும் வண்டியில் எல்லாம் சேர்த்துப் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் இருக்கும் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதில் கிளியர் கோட் மட்டும் ஏறக்குறைய 40 முதல் 50. தலைமுடி ஒன்றின் கனமே பொதுவாக அந்தக் கிளியர் கோட்டைவிட அதிகம். நீங்கள் பார்க்கும் சிலந்தி வலை அந்த மேலடுக்கில் விழுந்த ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள்தான். அவை வட்டமாக விழுந்தவை அல்ல, எல்லாத் திசையிலும் விழுந்து கிடக்கின்றன. வெளிச்சத்தைச் சுற்றி அமைந்தவை மட்டும் ஒளியை நம் கண்ணுக்குத் திருப்புவதால் வட்டம் போலத் தெரிகிறது. வெள்ளை வண்டியிலும் இதே அளவு இருக்கும், கண்ணில் படாது, அவ்வளவுதான்.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வாடிக்கையாளர், பாலிஷ் போட்டு நாலே மாதத்தில் வண்டி மறுபடி கீறலாகிவிட்டது என்று மிகவும் வருத்தப்பட்டார். காரணம் தெரியாமல் மறுபடி பாலிஷ் போட எனக்கு மனம் வரவில்லை. பெல்லந்தூரில் அவர் அபார்ட்மென்டுக்கு விடிகாலை ஐந்தரைக்குப் போய் பேஸ்மென்டில் நின்றேன். வண்டி துடைக்கும் அண்ணன் தர்மபுரிக்காரர். கையில் ஒரு பக்கெட், ஒரு துணி. “எத்தனை வண்டிண்ணா?” என்றேன். “இந்த வரிசையில பதினெட்டு, ஏழு மணிக்குள்ள முடிக்கணும்.” “தண்ணி எத்தனை தடவை மாத்துவீங்க?” “குழாய் அந்தக் கடைசில இருக்கு தம்பி. ரெண்டு தடவை மாத்துனா பெருசு.” துணியை வாங்கி மொபைல் டார்ச் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்தேன். பனியன் வேஸ்ட். மடிப்புக்குள் மினுமினுவென்று மணல். கட்டைவிரல் நகத்தின் மேல் வைத்து ஒரு இழுப்பு இழுத்தேன், நகத்தில் கோடு விழுந்தது. பதினேழு வண்டிகளின் மண் பதினெட்டாவது வண்டியின் பானெட்டில் உரசிக்கொண்டிருந்தது. அவர் மேல் எந்தக் குறையும் இல்லை. கண்ணாடியின் ஓரம்கூட விடாமல் துடைக்கிற மனிதர். மாதம் சில நூறு ரூபாய்க்குத் தினமும் துடைக்கச் சொன்னால் வேறு எப்படித் துடைப்பார்?

உங்கள் வண்டியிலும் இதுதான் நடக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்வேன். அவரை நிறுத்த வேண்டாம். சம்பளத்தைக் குறைக்காமல், தினமும் கண்ணாடி, சைடு மிரர், நம்பர் பிளேட் மட்டும் துடைத்தால் போதும், பெயின்டைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நீங்களே நாலு துணி வாங்கிக் கொடுங்கள். தூசி படிந்த வண்டி ஒரு வாரம் அப்படியே நின்றால் பெயின்டுக்கு ஒன்றும் ஆகாது. அந்தத் தூசியைக் காய்ந்த துணியால் தட்டினால்தான் கீறல்.

ஐயாயிரம் ரூபாய் என்று கணக்கு வைத்திருந்தால் அதில் மூன்றில் ஒரு பங்கைத் துணிக்கு ஒதுக்குங்கள். மைக்ரோஃபைபர் என்பது பாலியஸ்டரும் பாலியமைடும் கலந்த இழை. நல்லவற்றில் 80-க்கு 20 அல்லது 70-க்கு 30 என்று உறையிலேயே போட்டிருக்கும். ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை, கிராம் கணக்கில். பெயின்டைத் துடைக்க 350 முதல் 500 வரை உள்ள அடர்த்தியான துணி, கழுவியபின் ஈரத்தை ஒற்றியெடுக்க இன்னும் கனமான பெரிய துண்டு ஒன்று, கண்ணாடிக்கு மெல்லிய, மழமழப்பான நெசவு. ஜே.சி. ரோடு கடைகளில் தொட்டுப் பார்த்தே வாங்கலாம். ஓரத்தில் விறைப்பான தையல் இருக்கிறதா என்று விரலை ஓட்டிப் பாருங்கள், இருந்தால் வேண்டாம். தைத்திருக்கும் லேபிளை வெட்டி எடுத்துவிடுங்கள். பெயின்டுக்கு ஒரு நிறம், உள்ளே துடைக்க ஒரு நிறம், சக்கரத்துக்கு ஒரு நிறம் என்று பிரித்து வைத்து, ஒன்றை இன்னொன்றுக்கு எடுக்காதீர்கள். தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் பெயின்டில் வைக்கக் கூடாது. துவைக்கும்போது காட்டன் துணியோடு சேர்க்காமல், ஃபேப்ரிக் கண்டிஷனர் ஊற்றாமல், சாதாரண லிக்விட் டிடர்ஜென்டில் போடுங்கள். கண்டிஷனர் இழையின் மேல் படிந்துவிட்டால் துணி தண்ணீரை உறிஞ்சாது.

அடுத்து தண்ணீர். காவிரி வராத பகுதிகளில் நமக்கு வருவது போர் தண்ணீர் அல்லது டேங்கர், அதுவும் பெரும்பாலும் போர் தண்ணீர்தான். அதில் கால்சியமும் மக்னீசியமும் கரைந்திருக்கும். வெயிலில் சூடான பானெட்டில் ஒரு துளி காய்ந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு அங்கேயே உட்கார்ந்துவிடும். அபார்ட்மென்டில் கடினத் தண்ணீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் இருக்கிறது, ஆனால் தண்ணீரில் கரைந்த மொத்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் எண் குறையவே இல்லை, ஏமாற்றுகிறார்களா என்று பலர் கேட்பார்கள். சாஃப்ட்னரின் வேலை அது அல்ல. அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துக்கொண்டு பதிலுக்கு சோடியத்தை விடும். மொத்த உப்பு ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் சோடியம் உப்பு காய்ந்து விழுந்த புள்ளி ஈரத்துணிக்கே வந்துவிடும், கால்சியம் புள்ளி வராது. இன்னொன்று, ஆர்ஓ இயந்திரத்தில் வெளியேறும் தண்ணீரைப் பிடித்து வண்டி கழுவுகிறவர்கள் நிறையப் பேர். வீணாக்கக் கூடாது என்ற எண்ணம் நல்லது. ஆனால் உங்கள் குழாயில் வருவதைவிட அதிக உப்பு உள்ள தண்ணீர் அது. சக்கரம், மிதியடி, மட்கார்டின் உட்பக்கம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள், கறுப்பு பானெட்டில் ஊற்றாதீர்கள். மாடியில் மழைநீர் பிடிக்கும் ஏற்பாடு இருந்தால், கடைசி அலசலுக்கு அதைவிட நல்ல தண்ணீர் இந்த ஊரில் கிடையாது.

2024 மார்ச்சில் பெங்களூரு குடிநீர் வாரியம் குடிநீரில் வண்டி கழுவத் தடை போட்டு, மீறினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது நினைவிருக்கும். அந்தக் கோடையில் என் கடையில் ஹோஸை எடுத்து உள்ளே வைத்தேன். அதுவரை இரண்டாம் பட்சமாக நினைத்திருந்த ரின்ஸ்லெஸ் வாஷ் என்னும் கரைசலுக்கு முழுவதுமாக மாறினேன், இன்று வரை திரும்பவில்லை. உங்களைப் போல அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆப்டிமம் நோ ரின்ஸ் என்ற பழைய, பெயர் பெற்ற கரைசலுக்கு அளவு 256-க்கு 1. அதாவது பத்து லிட்டர் பக்கெட்டில் 40 மில்லி. வேறு கம்பெனி என்றால் அந்தந்த பாட்டிலில் போட்டிருக்கும் அளவு. கரைசலில் இருக்கும் பாலிமர் மண்ணைச் சுற்றிக்கொண்டு வழுக்கிவிடும், அலச வேண்டியதில்லை. ஏழெட்டுத் துணிகளைப் பக்கெட்டில் ஊறப் போடுங்கள். கூரையில் தொடங்கி, கதவு, பானெட் என்று ஒரு பலகைக்கு ஒரு துணிப் பக்கம், அழுத்தாமல், நேர்கோட்டில் ஒரே இழுப்பு. துணியை நாலாக மடித்தால் கிடைக்கும் எட்டுப் பக்கமும் தீர்ந்தால் தனியே போட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள். அழுக்குத் துணி பக்கெட்டுக்குத் திரும்பிப் போகக் கூடாது. உடனே இன்னொரு துண்டால் ஈரத்தை ஒற்றிவிடுங்கள். மழை நாளில் சர்ஜாபூர் ரோட்டுச் சேறு கட்டியாக அப்பியிருந்தால் மட்டும் இந்த முறை வேண்டாம். முதலில் பிரஷர் தண்ணீரில் அந்தச் சேறு போக வேண்டும். அன்றைக்கு வெளியில் ஃபோம் வாஷுக்கு விடுங்கள், ஆனால் துடைக்க உங்கள் துணியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள்.

ஷாம்பு வாங்குவதானால் பிஎச் நியூட்ரல், அதாவது அமிலமும் காரமும் இல்லாத நடுநிலை, என்று போட்டிருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். 3எம், மெகுவயர்ஸ், டர்டில் வாக்ஸ், நம் நாட்டு வேவெக்ஸ், எல்லாவற்றையும் பயன்படுத்தியிருக்கிறேன். வாரம் ஒருமுறை கழுவும் வண்டியில் இவற்றுக்குள் நீங்கள் உணரும்படியான வித்தியாசம் இல்லை. நுரை அதிகம் வந்தால் நல்ல ஷாம்பு என்பது தவறு. கை வழுக்கிக்கொண்டு போகிறதா என்பதுதான் அளவு. பாத்திரம் கழுவும் ஜெல்லைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். அது எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்தது, அதனால் பெயின்டின் மேல் இருக்கும் மெழுகையும் சேர்த்து எடுக்கும். இது உறுதி. ஒருமுறை கழுவினாலே பெயின்ட் கெட்டுவிடும் என்பது மிகைப்படுத்தல். துணி துவைக்கும் பவுடர் மட்டும் எந்தக் காரணத்துக்கும் வேண்டாம். அதன் காரமும், கரையாமல் நிற்கும் துகளும் இரண்டுமே கெடுதல்.

உங்கள் பானெட் புள்ளிக்கு வருகிறேன். அது பெயின்டின் மேல் உட்கார்ந்திருக்கிறதா, உள்ளே அரித்துவிட்டதா என்பதை நீங்கள் போட்டிருக்கும் படத்தை வைத்து நான் சொல்ல முடியாது, யாராலும் முடியாது. கழுவி ஈரம் போனபின் நிழலில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். சொரசொரவென்று தட்டுப்பட்டால் உப்பு மேலேதான் இருக்கிறது. கண்ணுக்குப் புள்ளி தெரிந்தும் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை என்றால் அரித்திருக்க வாய்ப்பு அதிகம். மேலே இருப்பதற்கு வெள்ளை வினிகரும் குடிக்கும் ஆர்ஓ தண்ணீரும் சமமாகக் கலந்து, துணியை நனைத்து அந்த இடத்தில் ஒரு நிமிடம் போட்டு எடுத்து, உடனே ஷாம்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள். வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். இரண்டு முறை செய்தும் போகவில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். அதற்கு மேல் பாலிஷ்தான், அது கிளியர் கோட்டையே கொஞ்சம் சீவி எடுக்கும் வேலை. பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் வைத்திருப்பவரிடம் மட்டும் போங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் கணக்கில் சேர்த்துப் போடும் ரப்பிங் பாலிஷை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுங்கள். சீவி எடுத்த கிளியர் கோட் திரும்ப வளராது.

புள்ளி போக வேண்டும் என்று பாத்ரூம் ஆசிட் பக்கம் மட்டும் போகாதீர்கள். கடை தொடங்கிய முதல் வருடம், லேபிள் இல்லாத கேனில் லூஸாக வாங்கிய அலாய் கிளீனரை, ஓடி வந்து நின்ற வண்டியின் சூடான சக்கரத்தில் அடித்தேன். பளபளவென்றிருந்த அலாய் கண்ணெதிரே பால் பூத்த மாதிரி வெளுத்தது. எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் திரும்பவில்லை. புது வீல் வாங்கிக் கொடுத்தேன். பணம் போனதைவிட, கையுறை இல்லாமல் அதைத் தொட்டிருக்கிறேன் என்பது பிறகுதான் உறைத்தது. சில வீல் கிளீனர்களில் ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமோ அதை உண்டாக்கும் ஃப்ளூரைடு உப்போ இருக்கும். தோல் வழியே இறங்கி எலும்பு வரை போகக்கூடியது, ஆரம்பத்தில் வலிகூடத் தெரியாது. என்ன கலந்திருக்கிறது என்று எழுதாத எதையும் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள், குழந்தை இருக்கும் வீடு. அதே போல சர்வீஸ் ஸ்டேஷனில் அடிப்பக்கத்துக்கு டீசல் ஸ்பிரே செய்வதையும் விட்டுவிடுங்கள். டீசல் பட்டால் ரப்பர் புஷ் ஊறி இளகிவிடும்.

பறவை எச்சம் காயும் வரை காத்திருக்கக் கூடாது. அது அமிலம், நம் வெயிலில் சில மணி நேரத்திலேயே கிளியர் கோட்டில் தடம் பதித்துவிடும். தூங்குமூஞ்சி மரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கு எச்சமும் பிசினும் சேர்ந்தே விழும். ஒரு சின்ன ஸ்பிரே பாட்டிலில் அதே ரின்ஸ்லெஸ் கரைசலையும் ஒரு துணியையும் டிக்கியில் வைத்திருங்கள். கறையின் மேல் துணியை ஊறப் போட்டு, இரண்டு நிமிடம் கழித்துத் தூக்கியெடுங்கள், தேய்க்காதீர்கள்.

பெயின்டைக் காக்க அதன் மேல் போடும் மெழுகு, சீலன்ட் என்னும் செயற்கைப் பூச்சு, செராமிக் கோட்டிங் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. பிரேசில் பனையில் இருந்து எடுக்கும் கார்னுபா மெழுகு நம் வெயிலில் சில வாரம், சீலன்ட் சில மாதம், நன்றாகப் போட்ட செராமிக் சில வருடம். இந்த வரிசை சரி. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் வருடக் கணக்கு, எப்படிக் கழுவுகிறீர்கள் என்பதைப் பொறுத்து பாதியாகவும் குறையலாம். 9எச் கடினம் என்ற விளம்பரம் பென்சில் கீறல் சோதனையைக் குறிப்பது, வைரத்தை 10 என்று வைக்கும் மோஸ் அளவுகோலை அல்ல. கோட்டிங் போட்ட வண்டியும் மணல் துணியால் கீறும். பெல்லந்தூர் வண்டியிலும் கோட்டிங் இருந்தது. கையால் அடித்துத் துடைக்கும் ஸ்பிரே சீலன்ட் ஒன்றை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போட்டால் உங்களுக்குப் போதும்.

இவ்வளவும் சொன்னபின் அந்தக் கிட்டைப் பாருங்கள். ஷாம்பு, கண்ணாடி கிளீனர், உள்புற ஆல் பர்பஸ் கிளீனர் மூன்றும் உங்களுக்கு வேண்டியவை. ஸ்க்ராட்ச் ரிமூவர், டயர் பாலிஷ், டேஷ்போர்டு ஷைன், சென்ட் எல்லாம் பாட்டில் எண்ணிக்கைக்காக வைத்தவை. கிட்டோடு வரும் மஞ்சள் துணியைச் சக்கரத்துக்குக்கூடத் தயங்கித்தான் எடுப்பேன். அதனால் கிட் வேண்டாம், தனித்தனியாக வாங்குங்கள்.

உள்ளே டேஷ்போர்டுக்குப் பெரும்பாலும் நன்றாகப் பிழிந்த ஈரத்துணியே போதும். பிசுக்கு இருந்தால் ஆல் பர்பஸ் கிளீனரை ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து, துணியில் அடித்துத் துடையுங்கள், நேரே டேஷ்போர்டில் அடிக்காதீர்கள். ஊரில் பெரியவர்கள் தேங்காய் எண்ணெய் தடவிப் பளபளப்பாக்குவார்கள். ஒரு நாள் அழகு, மறுநாள் அத்தனை தூசியும் அதில் ஒட்டும், பிறகு சிக்கு வாடை. சிலிக்கோன் கலந்த ஷைன் வெயிலில் முன்கண்ணாடியில் பிரதிபலித்து ரோட்டையே மறைக்கும். ஸ்டீயரிங்கிலும் பெடலிலும் அது படவே கூடாது, வழுக்கும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர், கண்ணாடியில் ஒட்டிய ஃபிலிமையும் டச் ஸ்கிரீனின் மேல்பூச்சையும் கெடுக்கும். ஸ்கிரீனுக்குச் சுத்தமான துணியில் லேசான ஈரம் போதும்.

பால் வாடையை சென்ட் மறைக்காது. பாலில் இருப்பது புரதமும் கொழுப்பும், ஸ்பாஞ்சுக்குள் இறங்கி அங்கே புளிக்கிறது. வெந்நீர் ஊற்றினால் புரதம் திரண்டு இழையில் இறுகிவிடும், அதனால் குளிர்ந்த தண்ணீர்தான். என்சைம் கலந்த கறை நீக்கி ஒன்றை வாங்கி, பால் எவ்வளவு தூரம் பரவியதோ அதைவிடக் கொஞ்சம் அகலமாக நனையும்படி அடித்து, பாட்டிலில் சொன்ன நேரம் ஊற விடுங்கள். என்சைம் ஈரமாக இருக்கும் வரைதான் வேலை செய்யும், மேலே ஈரத்துணி போர்த்தி வையுங்கள். பிறகு ஈரத்தையும் இழுக்கும் வெட் வேக்குவத்தால் உறிஞ்சி எடுங்கள், வீட்டில் இல்லையென்றால் தடித்த துண்டை வைத்து முழங்காலால் அழுத்தி அழுத்தி ஒற்றுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. முன்சீட்டின் அடியில் மஞ்சள் நிற ஒயரும் கனெக்டரும் தெரியும், அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது. பின்சீட்டில் ஊற்றும் தண்ணீர் தரை கார்பெட் வழியே அங்கே போகும். அதனால் பக்கெட்டால் ஊற்றாதீர்கள், ஸ்பிரே மட்டும். சீட் பெல்ட்டில் பால் பட்டிருந்தால் பிளீச் போடாமல், ஷாம்புத் தண்ணீரால் மட்டும் துடைத்து, முழு நீளத்துக்கும் வெளியே இழுத்துக் காய வையுங்கள்.

நீங்கள் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. சீட் துணியா, தோல் மாதிரி இருக்கும் செயற்கை லெதரெட்டா? நான் சொன்னது துணி சீட்டுக்கு. லெதரெட் கவர் என்றால் பால் மேலே ஊறியிருக்காது, தையல் ஓட்டை வழியாகக் கீழே இறங்கியிருக்கும். மேலே எத்தனை முறை துடைத்தாலும் வாடை வரத்தான் செய்யும், கவரைக் கழற்றித்தான் ஸ்பாஞ்சைச் சுத்தம் செய்ய வேண்டும். ஏர்பேக் உள்ள சீட் என்றால் கழற்றும் வேலையை நீங்களே செய்யாமல் சீட் கவர் வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். எதுவாக இருந்தாலும் நனைத்தபின் நாலு கண்ணாடியையும் ஒரு விரல் அளவு இறக்கி, இரண்டு நாள் பகல் முழுக்க வெயிலில் நிறுத்துங்கள். மழை வரும் வாரத்தில் இந்த வேலையைத் தொடாதீர்கள், பால் வாடையின் இடத்தில் பூஞ்சை வாடை வந்து உட்கார்ந்துவிடும்.